கரை சேர்ந்த தாதி

ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் ஒரு மனநல மருத்துவமனை உண்டு. 1941ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விடத்தில் ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவமனை ஒன்று இயங்கத் தொடங்கியது. நோயாளிகள் இன்னும் அதிகம் வரவில்லை. போர் மலாயாவை எட்டுமா, எட்டாதா என்று மக்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மருத்துவமனைக்குக் கட்டில்கள் வந்தன; மருந்துப் பெட்டிகள் வந்தன; சாம்பல் நிறச் சீருடை அணிந்த தாதியரும் வந்தனர். அவர்களுள் ஒருவர் நெடிதுயர்ந்த தோற்றம் கொண்ட விவியன் புல்விங்கல். அப்போது அவருக்கு வயது 25.

விவியன் 1915ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் தென் ஆஸ்திரேலியாவில் உள்ள கப்புண்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் வளர்ந்ததும் படித்ததும் புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரில். அங்குள்ள மருத்துவமனையிலேயே தாதியாகவும் மகப்பேற்றுத் தாதியாகவும் பயிற்சி பெற்றார். போர் மூண்டதும் நாட்டுக்காகப் பணியாற்ற விரும்பி, முதலில் விமானப் படையை நாடினார். அவருடைய பாதங்கள் தட்டையாக உள்ளன என்று கூறி விமானப் படை அவரை ஏற்க மறுத்துவிட்டது. இராணுவத் தாதியர் பிரிவு அதைப் பெரிதாகக் கருதவில்லை. அந்தக் கால்களோடு அவர் பின்னாளில் நடந்த தொலைவை எண்ணிப் பார்த்தால், விமானப் படையின் முடிவு நமக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

1941 செப்டம்பரில் விவியன் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தார். மலாக்காவில் இயங்கிய மற்றோர் ஆஸ்திரேலிய மருத்துவமனையில் சில வாரங்கள் வேலை செய்தபின், தம்போயில் தம் குழுவினருடன் சேர்ந்துகொண்டார். டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அதன்பின் எல்லாம் விரைந்து நடந்தன. வடக்கிலிருந்து காயமுற்ற வீரர்கள் லாரி லாரியாக வந்து சேர்ந்தனர். ஜனவரி மாதம் மருத்துவமனையே இடம்பெயர வேண்டியதாயிற்று. கட்டில்களையும் நோயாளிகளையும் தூக்கிக்கொண்டு தாதியர் சிங்கப்பூருக்குச் சென்றனர். காத்தோங் வட்டாரத்தில் உள்ள செயின்ட் பேட்ரிக் பள்ளி அவர்களது புதிய மருத்துவமனை ஆனது. வகுப்பறைகள் நோயாளிகளால் நிரம்பி வழிந்தன. தலைக்கு மேலே விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்தன.

சிங்கப்பூர் வீழ்வது உறுதி என்று தெரிந்ததும், தாதியரை அங்கிருந்து அனுப்பிவிட மேலதிகாரிகள் முடிவு செய்தனர். காயமுற்றவர்களை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனமில்லை. ஆனாலும் இராணுவத்தில் கட்டளை கட்டளைதான். பிப்ரவரி 12ஆம் நாள், எஞ்சியிருந்த 65 ஆஸ்திரேலியத் தாதியர் வைனர் புரூக் என்னும் கப்பலில் ஏறினர். அது சரவாக்கை ஆண்ட வெள்ளை இராஜாவின் பெயரைத் தாங்கிய சிறிய கப்பல். வழக்கமாகப் பன்னிரண்டு பயணிகளை மட்டும் ஏற்றிச் செல்லும் அதில், அன்று பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் நெருக்கிக்கொண்டு நின்றனர்.

இரண்டு நாள் கழித்து, சுமத்திராவுக்கும் பங்கா தீவுக்கும் இடைப்பட்ட நீரிணையில் ஜப்பானிய விமானங்கள் அக்கப்பலைக் கண்டுவிட்டன. குண்டுகள் விழுந்தன. சிறிது நேரத்தில் கப்பல் மூழ்கியது. தாதியர் பயணிகளை முதலில் இறக்கிவிட்டுத் தாங்கள் கடைசியாகக் கடலில் குதித்தனர். அந்தக் கடலில் 12 தாதியர் மாண்டனர். கவிழ்ந்து மிதந்த படகு ஒன்றைப் பற்றிக்கொண்ட விவியன், பல மணி நேரத்துக்குப் பின்னர்ப் பங்கா தீவின் ராஜி என்னும் கடற்கரையில் ஒதுங்கினார். அங்கே யாரோ நெருப்பு மூட்டியிருந்தார்கள். அந்த வெளிச்சத்தை நோக்கி ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். தாதியர் 22 பேர், பொதுமக்கள், கப்பல் பணியாளர்கள், மூழ்கிய வேறொரு கப்பலிலிருந்து தப்பிய பிரிட்டிஷ் வீரர்கள். பலருக்குக் கடும் காயம். உணவு இல்லை. மருந்தும் இல்லை. சிங்கப்பூர் 15ஆம் நாள் சரணடைந்த செய்தியும் அவர்களுக்குத் தெரியாது.

தாங்களும் சரணடைவதே நல்லது என்று அவர்கள் முடிவெடுத்தனர். கப்பல் அதிகாரி ஒருவர் ஜப்பானியரை அழைத்துவர மூந்தோக் நகருக்குப் புறப்பட்டார். நடக்க முடிந்த பெண்களும் குழந்தைகளும் அந்நகரை நோக்கி முன்னதாகவே நடந்தனர். தாதியரும் அவர்களுடன் போயிருக்கலாம். போகவில்லை. நடக்க முடியாத காயமுற்றவர்கள் மணலில் கிடந்தார்கள். அவர்களைக் கவனிக்க யாராவது இருக்க வேண்டும். ஆகவே தங்கிவிட்டார்கள். செஞ்சிலுவை அடையாளத்தைப் பார்வையில் படும்படி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். போரிலும் தாதியரைத் தாக்கக் கூடாது என்பது உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி. அவர்கள் அதை நம்பினார்கள்.

பிப்ரவரி 16ஆம் நாள் வந்த ஜப்பானிய வீரர்கள் அந்த விதியைப் பொருட்படுத்தவில்லை. ஆண்களை முதலில் பாறைகளுக்கு அப்பால் அழைத்துச் சென்று கொன்றனர். பிறகு 22 தாதியரையும் கடலை நோக்கி வரிசையாக நடக்கச் சொன்னார்கள். தலைமைத் தாதி ஐரின் டிரம்மண்டும் அந்த வரிசையில் இருந்தார். இடுப்பளவு நீரை அடைந்தபோது பின்னாலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுட்டது.

ஒரு குண்டு விவியனின் இடுப்புக்குச் சற்று மேலே துளைத்துக்கொண்டு வெளியேறியது. முக்கியமான உறுப்பு எதிலும் அது படவில்லை. நீரில் விழுந்தவர், இறந்தவரைப்போல அசையாமல் மிதந்தார். அலைகள் அவரைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. நெடுநேரம் கழித்துத் தலையை உயர்த்திப் பார்த்தபோது கடற்கரையில் ஒருவரும் இல்லை. 21 தோழியருள் ஒருவர்கூட எஞ்சவில்லை.

தவழ்ந்தும் நடந்தும் காட்டுக்குள் சென்று விவியன் மயங்கிக் கிடந்தார். பின்னர் நீர் தேடி வந்தபோது ஒரு குரல் கேட்டது. அது கிங்ஸ்லி என்னும் பிரிட்டிஷ் வீரருடையது. கடுமையான காயங்களோடு அவரும் உயிர் தப்பியிருந்தார். அப்போது விவியனின் கையில் மருந்தும் இல்லை, துணியும் இல்லை. அவருக்கே குண்டுக் காயம். ஆயினும் அங்கே ஒரு நோயாளி இருந்தார், எனவே ஒரு தாதியும் இருந்தார். பன்னிரண்டு நாள்கள் அவரைக் காட்டில் மறைத்து வைத்துப் பேணினார். அருகிலிருந்த கிராமத்திற்குச் சென்று உணவு கேட்டார். ஜப்பானியருக்கு அஞ்சிய ஆண்கள் உதவ மறுத்தனர். ஆனால் அவர்களுக்குத் தெரியாமல் கிராமத்துப் பெண்கள் உணவைக் கொண்டுவந்து கொடுத்தனர். அந்தப் பெண்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. அவர்கள் இட்ட சோறு இல்லையேல் இந்த வரலாறும் நமக்குக் கிடைத்திராது.

இனியும் காட்டில் உயிர் வாழ முடியாது என்று விவியன் உணர்ந்தார். மீண்டும் சரணடைவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. கிங்ஸ்லி ஒருநாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு 39ஆவது பிறந்தநாள். அந்த ஒரு நாளையாவது கைதியாக இல்லாமல் கழிக்க அவர் ஆசைப்பட்டார். விவியன் இணங்கினார். அதன் பிறகே இருவரும் மெல்ல நடந்து சென்று சரணடைந்தனர். அதற்குச் சில நாள்களில் கிங்ஸ்லி இறந்துபோனார்.

சரணடையும்போது விவியன் தண்ணீர்க் குடுவை ஒன்றைத் தோளில் மாட்டி, சீருடையில் இருந்த குண்டுத் துளை தெரியாதபடி அதைத் தொங்கவிட்டுக்கொண்டார். கடற்கரையில் நடந்ததைக் கண்ட சாட்சி ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று ஜப்பானியர் அறிந்தால், அவரை விட்டுவைக்கமாட்டார்கள். சிறைமுகாமில், கடலிலிருந்து வேறு இடங்களில் கரையேறிய 31 தாதியரை அவர் கண்டார். அவர்கள் மற்றவர்களைப் பற்றிக் கேட்டார்கள். விவியன் நடந்ததைச் சொன்னார். கேட்டவர்கள் அனைவரும் இதைப் பற்றி இனிமேல் வாய் திறப்பதில்லை என்று உறுதி பூண்டனர். மூன்றரை ஆண்டுகள் அந்த உறுதி காக்கப்பட்டது. நட்புக்குப் பேச்சு மட்டுமே அடையாளம் அன்று. அந்த முகாமில் மௌனமே நட்பாக இருந்தது.

சிறைவாழ்க்கை சுமத்திராவில் பலெம்பாங்கிலும் பின்னர் மீண்டும் மூந்தோக்கிலும், இறுதியில் சுமத்திராவின் உட்பகுதியிலும் கழிந்தது. உணவு நாளுக்கு நாள் குறைந்தது. விறகு வெட்டுதல், நீர் சுமத்தல், பிணக்குழி தோண்டுதல் ஆகிய எல்லாம் பெண்கள் கையால்தான் நடந்தன. விவியனின் தோழி பெட்டி ஜெஃப்ரி மறைவாக நாட்குறிப்பு எழுதி வந்தார். போருக்குப்பின் அதை அவர் நூலாக வெளியிட்டபோது, தங்களை வெள்ளைக் கூலிகள் என்று தலைப்பிலேயே குறிப்பிட்டார். கூலி என்பது தமிழர் சொல். மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோரைக் குறிக்கப் பயன்பட்ட அச்சொல்லை, அந்தத் தாதியர் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். 

1945ஆம் ஆண்டு பிப்ரவரி தொடங்கி மலேரியாவாலும் பசிக்கொடுமையாலும் எட்டுத் தாதியர் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். கடைசியாக இறந்தவர் ஆகஸ்டு 18ஆம் நாள் கண்மூடினார். போர் முடிந்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன. அச்செய்தி அந்த முகாமை இன்னும் எட்டவில்லை.

செப்டம்பரில் மீட்கப்பட்டவர்கள் விமானத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனை எங்கே இருந்தது தெரியுமா? காத்தோங்கில், அதே செயின்ட் பேட்ரிக் பள்ளியில். மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பு தாதியராக நடமாடிய கட்டடத்தில் இப்போது நோயாளிகளாகப் படுத்திருந்தனர். வைனர் புரூக்கில் ஏறியவர்கள் 65 பேர். வீடு திரும்பியவர்கள் 24 பேர்.

உயிர் பிழைத்தவரின் துன்பம் வேறு வகையானது. 21 பேர் மாண்ட இடத்தில் நான் மட்டும் ஏன் எஞ்சினேன் என்னும் கேள்விக்கு யாரும் விடை தர முடியாது. நாடு திரும்பிய விவியனை அந்தத் தாதியரின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் எதிர்நோக்கியிருந்தனர். தங்கள் பிள்ளையின் கடைசி நேரத்தைப் பற்றிச் சொல்லக்கூடியவர் உலகில் அவர் ஒருவரே. அந்தச் சுமையிலிருந்து அவர் ஒதுங்கவில்லை. 1946 டிசம்பரில் தோக்கியோவில் நடைபெற்ற அனைத்துலகப் போர்க்குற்றத் தீர்ப்பாயத்தின் முன் நின்று, கடற்கரையில் நிகழ்ந்ததைச் சாட்சியமாக எடுத்துரைத்தார். மூன்றரை ஆண்டு மூடியிருந்த வாய், பேச வேண்டிய இடத்தில் தெளிவாகப் பேசியது. எனினும் அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

1947ஆம் ஆண்டு அவருக்குப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பதக்கம் வழங்கப்பட்டது. பதக்கத்தைவிட அவர் மனத்தை நிறைத்திருந்தது வேறொன்று. முகாமில் இருந்தபோதே, இறந்த தோழியருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று தாதியர் பேசிக்கொண்டதுண்டு. அது கல்லில் செதுக்கிய தூணாக இருக்கக் கூடாது. உயிரோடு இருக்கும் தாதியருக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். விவியனும் பெட்டி ஜெஃப்ரியும் ஒரு காரில் புறப்பட்டு விக்டோரியா மாநிலம் முழுதும் ஊர் ஊராகச் சுற்றினர். மருத்துவமனைகளில் நின்று தங்கள் கதையைச் சொல்லி நிதி திரட்டினர். மறக்க விரும்பும் ஒன்றை நாள்தோறும் புதிய முகங்களுக்கு முன்னால் மீண்டும் மீண்டும் சொல்வது எத்தகைய வேலை என்று எண்ணிப் பாருங்கள். 1950ஆம் ஆண்டு மெல்பர்னில் தாதியர் நினைவு மையம் திறக்கப்பட்டது. தாதியர் தங்கவும் கூடவும் மேற்கல்வி பெறவும் அது உதவியது. பெட்டி ஜெஃப்ரி அதன் முதல் நிர்வாகியானார்.

விவியனின் அன்றாட வேலை வேறிடத்தில் நடந்தது. மெல்பர்னின் ஹைடல்பர்க் பகுதியில், போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கென ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே அவர் பல ஆண்டுகள் தாதியாகப் பணிபுரிந்தார். அந்நோயாளிகளில் பலர் ஜப்பானியச் சிறைமுகாம்களிலிருந்து மீண்டவர்கள். உடல் தேறிய பின்னும் இரவில் அலறி எழுபவர்கள்; வீட்டில் யாரிடமும் வாய் திறக்காதவர்கள். போரை நேரில் அறியாத ஒருவரிடம் அவர்களால் எல்லாவற்றையும் விளக்க முடியாது. விவியனிடம் விளக்க வேண்டிய தேவையே இல்லை. பசி என்றால் என்ன, பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் காலையில் எழாமல் போனால் எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

1961ஆம் ஆண்டு அவர் மெல்பர்னில் உள்ள ஃபேர்ஃபீல்டு தொற்றுநோய் மருத்துவமனையின் தலைமைத் தாதியானார். 1977இல் ஓய்வு பெறும்வரை அப்பொறுப்பில் இருந்தார். இளந்தாதியரின் கல்வித் தரம் உயர வேண்டும் என்பதில் அவர் மிகுந்த அக்கறை காட்டினார். 1975ஆம் ஆண்டு வியட்நாம் போர் முடிவை நெருங்கியபோது, பெற்றோரை இழந்த குழந்தைகளை அழைத்து வருவதற்காகச் சைகோனுக்குப் பறந்தார். அக்குழந்தைகளில் பலர் அவருடைய மருத்துவமனையில்தான் முதலில் பராமரிக்கப்பட்டனர். தென்கிழக்காசியாவின் ஒரு போரில் தம் தோழியரை இழந்தவர், 33 ஆண்டுகள் கழித்து மற்றொரு போரிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

ஓய்வு பெற்ற அதே ஆண்டில், தமது 61ஆவது வயதில், பிராங்க் ஸ்டாதம் என்னும் இராணுவ அதிகாரியை மணந்துகொண்டு பெர்த் நகரில் குடியேறினார். குடும்ப வாழ்க்கை தாமதமாகத்தான் வாய்த்தது. என்றாலும் 22 ஆண்டுகள் இருவரும் ஒன்றாக வாழ்ந்தனர். அந்த அமைதியான நாள்களிலும் பழைய தோழியர் அவர் வாழ்வில் இருந்துகொண்டே இருந்தனர். 1993ஆம் ஆண்டு, 77 வயதில், அவர் பங்கா தீவுக்குத் திரும்பிச் சென்றார். மூந்தோக்கில் தாதியருக்கான நினைவுச் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. முகாமில் உடனிருந்த தோழியர் சிலரும் அந்நிகழ்வில் பங்குகொண்டனர். மீண்டும் அதே கடல். இம்முறை அதை ஒளிந்திருந்து பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

கணவர் மறைந்த சில மாதங்களில், 2000ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், விவியன் பெர்த்தில் காலமானார். குண்டுத் துளையுள்ள அவரது சீருடை கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டு அந்நினைவக வளாகத்தில் அவருக்கு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. சிலையின் அடிப்பகுதியில் 22 சிறு உலோக வட்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. 1942 பிப்ரவரி 16 அன்று வானில் விண்மீன்கள் இருந்த அமைப்பின்படி அவை அடுக்கப்பட்டுள்ளன.

சிங்கப்பூரின் கிராஞ்சிப் போர் நினைவிடத்திற்கு நம் மாணவர்கள் பலர் சென்றிருப்பார்கள். கல்லறை இல்லாதோரின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் ஆயிரக்கணக்கில் பொறிக்கப்பட்டுள்ளன. படைவீரர்களின் பெயர்களோடு ஆஸ்திரேலிய இராணுவத் தாதியரின் பெயர்களும் அங்கே உள்ளன. ஐரின் டிரம்மண்டின் பெயர் இருக்கிறது. அவரோடு கடலுக்குள் நடந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. தேடினால் அவற்றைக் கண்டு படிக்கலாம். விவியன் புல்விங்கலின் பெயர் மட்டும் அந்தச் சுவரில் இல்லை.